டீசலா பெற்றோலா என்று நீ கேட்டாய்

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை நீ தொலைபேசியில், "அம்மா, டீசல் பிக்கப் எடுக்கிறதோ, பெற்றோல் பிக்கப் எடுக்கிறதோ? நீங்களே சொல்லுங்கோ" என்று கேட்டாய். நான் "யோசிச்சுச் சொல்லுறன்" என்று வைத்துவிட்டேன். உனக்கு அது புதினமாக இருந்திருக்கும். மீன் விலையிலிருந்து மாப்பிள்ளை வேட்டி வரைக்கும் கேட்ட உடனே பதில் சொல்கிற அம்மாவுக்கு இதற்கு மட்டும் என்ன யோசனை என்று நினைத்திருப்பாய். சொல்வதற்கு என்னிடம் நிறைய இருக்கிறது, தொலைபேசியில் சொல்லி முடியாது. அதுதான் எழுதுகிறேன். நசீர் நானாவின் மருமகன் விடுமுறை முடிந்து டோஹாவுக்குத் திரும்புகிறான். அவன் கையில் இதைக் கொடுத்துவிடுவேன். வேலை முடிந்து அறைக்கு வந்து, குளித்து, சாப்பிட்ட பிறகு ஆறுதலாக வாசி.

நான் கலியாணம் முடித்து ஓர்ஸ் ஹில்லுக்கு வந்தபோது உன் அப்பாவிடம் இருந்த ஒரே சொத்து ஓர் இளநீலப் பெற்றோல் பிக்கப்தான். நகரத்தில் ஐஸ் கட்டி ஏற்றி, உமி தூவி, சாக்கால் மூடி நிலாவெளி மீன்வாடிகளுக்குக் கொண்டுபோவார். திரும்பி வரும்போது மீன் ஏற்றி வருவார். நான் தையல் வேலை இல்லாத நாட்களில் கூடவே போவேன். முன்னால் ஒரே நீட்டு ஆசனம், மூன்று பேர் இருக்கலாம். திறப்பைப் போட்டு ஒரு முறுக்கு முறுக்கினால் போதும், இயந்திரம் பிடித்துக்கொள்ளும். ஒவ்வொரு நாளும் அது நடந்தாலும், ஒவ்வொரு நாளும் அப்பா என்னைத் திரும்பிப் பார்த்து, "பாத்தீரே?" என்பார். நானும் ஒவ்வொரு நாளும் ஆச்சரியப்பட்டதாகக் காட்டிக்கொள்வேன்.

உனக்குத் தெரிந்த அப்பா அதிகம் பேசாதவர். வீட்டுக்கு ஆட்கள் வந்தால் கதிரையை இழுத்துப் போட்டு இருக்கச் சொல்லிவிட்டு, தேத்தண்ணி வரும்வரை சிரித்துக்கொண்டு இருப்பார். அவ்வளவுதான். ஆனால் அந்த இளநீல வாகனத்துக்குள் இருந்த மனிதரை நீ பார்க்கவில்லை. அதன் சத்தம் மெதுவான சத்தம். ஒருவர் பக்கத்தில் இருந்து தனக்குள் பாடுவது போல. அந்தச் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தத் தேவையில்லை. உப்புவெளி தாண்டியதும் அவர் கதைக்கத் தொடங்குவார். மீன் முதலாளிமார் விலை பேசுவதை நடித்துக் காட்டுவார். எந்த வாடியில் யாருக்கும் யாருக்கும் கோபம், எந்தக் கோபம் கலியாணத்தில் முடியும் என்றெல்லாம் சொல்வார். பயந்த விஷயங்களையும் அங்கேதான் சொன்னார். சாம்பல்தீவுப் பாலத்தடியில் ஒரு நாள் எருமைக் கூட்டம் தெருவை மறித்துக்கொண்டு நின்றது. நீ அப்போது என் வயிற்றில். உனக்கு என்ன பெயர் வைப்பதென்று நானும் அவரும் அங்கேயே வாதாடத் தொடங்கினோம். கடைசி எருமை இறங்கிப் போன பிறகும் வாதம் முடியவில்லை. பின்னால் நின்ற பஸ்காரன் ஹோன் அடித்து அடித்துக் களைத்துப்போனான். இன்று உன் கடவுச்சீட்டில் இருக்கிற பெயர் அந்தப் பாலத்தடியில் முடிவானது.

கிண்ணியாவில் நசீர் நானாவிடம் டீசல் பிக்கப் இருந்தது. இரண்டு பேரும் மீன் வியாபாரத்தில் சிநேகிதமானவர்கள், சந்திக்கும்போதெல்லாம் வாகனத்தைப் பற்றித்தான் சண்டை. அப்பா சொல்வார், "நானா, உங்கட வாகனம் இருமுறதைக் கேட்டால் டொக்டரிட்டக் காட்டோணும் போல கிடக்கு." நசீர் நானா விடமாட்டார். "இருமினாலும் வேலைக்குப் போகும் மச்சான். ஒங்கட வாகனம் புது மாப்பிள மாதிரி. மழைல நனைஞ்சா வேலைக்கு வராது." இதைச் சொல்லிவிட்டு இரண்டு பேரும் சிரிப்பார்கள். நானும் நானாவின் மனைவி பரீதாவும் குசினிக்குள் இருந்து கேட்டுச் சிரிப்போம்.

அந்தச் சிரிப்பு ஒரு மாரி மழையோடு நின்றது. சுனாமியாகக் கடல் ஊருக்குள் வந்த வருடத்துக்கு முந்திய மாரி. சமாதானம் பேசிக்கொண்டிருந்த காலம் என்பதால் வழிகள் திறந்திருந்தன. பாலம் இன்னும் வரவில்லை. கிண்ணியாவுக்கு வாகனம் போவதென்றால் பாதைப் படகில் ஏற்றித்தான் துறையைக் கடக்க வேண்டும். உன்னை மாமி வீட்டில் விட்டுவிட்டு நானும் அப்பாவும் ஐஸோடு போயிருந்தோம். பரீதாவுக்குப் பிள்ளை கிடைக்கிற நாள் நெருங்கியிருந்ததால் பார்த்துவிட்டு வரலாம் என்று நானும் ஏறிப் போனேன். மத்தியானத்துக்கு மேல் காற்று எழும்பிப் படகை நிறுத்திவிட்டார்கள். நாங்கள் நசீர் நானா வீட்டிலேயே தங்கிவிடுவதென்று இருந்தபோது பரீதாவுக்கு நோவு கண்டது. மருத்துவிச்சி வந்து வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, முகம் மாறி, "புள்ள குறுக்கால கிடக்கு. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க, சுணங்க வேணாம்" என்றாள். படகு இல்லை. குடாவைச் சுற்றித் தம்பலகாமம் வழியாகத் தரையால் போவதுதான் ஒரே வழி.

நசீர் நானா ஓடிப்போய்த் தன் டீசலை எடுக்கப் பார்த்தார். மழைக் குளிரில் அது பிடிக்கவில்லை. திறப்பைத் திருப்பிச் சூடாகும்வரை பொறுத்து, பிறகு முயன்று, மறுபடியும் பொறுத்து, மனிதர் அழுகிற நிலைக்கு வந்துவிட்டார். அப்பா எங்கள் பிக்கப்பை வாசலுக்கே கொண்டுவந்து நிறுத்தினார். "நானா, பரீதாவை இதில ஏத்துங்கோ. நீங்கள் அதை எடுத்துக்கொண்டு பின்னால வாங்கோ." சொன்னபடி ஒரே முறுக்கு. பரீதாவை நடுவில் இருத்தி, நான் கதவுப் பக்கம் இருந்து அணைத்துக்கொண்டேன். அந்த நேரம் அந்தப் பெற்றோல் வாகனத்தைப் போல ஒரு தெய்வம் எனக்கு இல்லை.

தம்பலகாமத்துக்குக் கிட்ட வயலும் தெருவும் ஒன்றாகிக் கிடந்தன. எது தெரு என்று மரங்களை வைத்துத்தான் பிடிக்க வேண்டியிருந்தது. அப்பா மெல்ல இறக்கினார். நடுத்தண்ணீருக்கு வந்ததும் இயந்திரம் விக்கியது. பிறகு நின்றுவிட்டது. திறப்பை முறுக்கினார். முறுக்கினார். ஒன்றும் இல்லை. இறங்கி, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, மூடியைத் திறந்து, மின்பொறி பிரித்துக் கொடுக்கிற பெட்டியைக் கழற்றி உள்ளே துடைத்தார். துடைக்கத் துடைக்க மழை நனைத்தது. பரீதா என் மணிக்கட்டைப் பிடித்திருந்த பிடியில் என் வளையல் நெளிந்துவிட்டது. "அக்கா, தண்ணி உள்ளுக்கு வருது" என்றாள். நான் பார்க்கவில்லை என்று சொன்னேன். என் கால் கரண்டைக்கு மேல் தண்ணீர் நின்றது.

அப்போதுதான் பின்னால் அந்த இருமல் கேட்டது. நாங்கள் எல்லாரும் பகிடி பண்ணுகிற அந்த இருமல். ஒருவழியாகப் பிடித்துக்கொண்ட நசீர் நானாவின் டீசல் மழைக்குள்ளால் கறுத்த புகையைக் கக்கிக்கொண்டு வந்தது. தண்ணீருக்குள் இறங்கியும் அது நிற்கவில்லை. மின்பொறி இல்லாமல் ஓடுகிற இயந்திரம், மூச்சுக் குழாய்க்குள் தண்ணீர் போகாத வரைக்கும் அதற்குக் கவலை இல்லை. நானா எங்களைத் தாண்டிப் போய் முன்னால் நிறுத்தி, தலையை வெளியே நீட்டி, "மச்சான், கயிறு இரிக்கா?" என்று கத்தினார். ஐஸ் கட்டுகிற கயிறு இருந்தது. அப்பா முங்கி எழும்பிக் கட்டினார். அந்த டீசல் எங்களை, வாகனத்தையும் மூன்று உயிரையும் வயிற்றுக்குள் இருந்த நாலாவது உயிரையும் சேர்த்து, ஆளை நடத்திக் கூட்டிப்போவது போல மெதுவாக, ஒரு தரமும் உலுப்பாமல் மேட்டுக்கு இழுத்தது. மேட்டில் பரீதாவை மாற்றி ஏற்றினோம். நானும் அவளோடு ஏறிக்கொண்டேன். திரும்பிப் பார்த்தபோது உன் அப்பா செத்துப்போன பிக்கப்புக்குப் பக்கத்தில் மழையில் தனியே நின்றார். கை காட்டவும் இல்லை.

ஆஸ்பத்திரியில் வெட்டித்தான் பிள்ளையை எடுத்தார்கள். அந்தப் பிள்ளைதான் ஹஸ்னா. அவளுடைய கலியாணத்தில் எடுத்த படங்களை உனக்கு அனுப்பினேனே, அவளேதான். அப்பா பொழுதுபடும் நேரம் வந்துசேர்ந்தார். வாகனம் காய்ந்து தானாகவே பிடித்ததாம். ஆஸ்பத்திரி வாசலில் என்னைப் பார்த்ததும் ஒரு சொல்தான் கேட்டார். "எப்பிடி?" நான் சொன்னேன், "பெட்டைப் பிள்ளை. தாயும் பிள்ளையும் சுகம்." படியிலேயே இருந்துவிட்டார். நசீர் நானா வந்து அவருடைய தோளைப் பிடித்து, "மச்சான், ஒங்கட வாகனம் அந்த நேரம் எடுபடாட்டி நாங்க வாசலையே தாண்டியிருக்க மாட்டம்" என்றார். உண்மைதான். எங்கள் பெற்றோல் புறப்பட்டிராவிட்டால் அவருடைய டீசல் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்திராது. ஆனால் அப்பாவின் காதில் அது ஏறவில்லை.

மாரி முடிந்ததும் இளநீலப் பிக்கப்பை விற்றார். நீ அழுதது உனக்கு நினைவிருக்கும். பதிலுக்கு வந்ததுதான் நீ வளர்ந்த அந்த வெள்ளை டீசல். அதைப் பற்றி ஒரு குறையும் சொல்ல முடியாது. இரண்டு மடங்கு ஐஸ் ஏற்றியது. மணலில் புதைந்தாலும் எழும்பி வந்தது. பெற்றோலைவிடக் குறைந்த எண்ணெயில் கூடத் தூரம் போனது. ஆனால் தம்பி, அதற்குள் இருந்து கதைக்க ஏலாது. கண்ணாடி, கதவு, நீர்ப்போத்தல் எல்லாம் சேர்ந்து அதிரும். ஒரு சொல் சொல்வதென்றாலும் கத்த வேண்டும். உன் அப்பா கத்திக் கதைக்கிற மனிதர் இல்லை. முதலில் இடையிடையே ஏதோ சொல்லிப் பார்ப்பார், நான் "என்ன?" என்பேன், அவர் "ஒண்டுமில்லை" என்று கையால் காட்டுவார். பிறகு அதுவும் நின்றது. வருடக்கணக்காக நாங்கள் இரண்டு பேரும் ஒரே தெருவைப் பார்த்துக்கொண்டு போய் வந்தோம். எங்களுக்குள் கோபம் ஒன்றும் இல்லை. சத்தம்தான் இருந்தது.

அவருக்குச் சீனி வருத்தம் கண்ணில் இறங்கிய பிறகு நான் வாகனம் ஓடப் பழகினேன். நீ உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த வருடம். உப்புவெளிப் பக்கம் ஒரு வெறும் காணியில் அவரே பழக்கினார். அங்கே மட்டும் கத்தினார். "கிளச்சை மெல்ல விடும்! மெல்ல! பயப்பிடாதையும், இது நிக்காது!" உண்மையில் அது நிற்கவில்லை. பெற்றோல் வாகனம் என்றால் பழகுகிறவர்களின் காலுக்குப் பத்து தரம் செத்துப்போகும். டீசல் அப்படியில்லை, பிழையாக மிதித்தாலும் பொறுத்துக்கொண்டு ஊர்ந்து போகும். நாற்பது வயதுக்கு மேல் ஒரு பெண் பாரவாகனம் ஓடப் பழகியதற்கு அந்தப் பொறுமைதான் காரணம். முதல் நாள் நான் தனியே நிலாவெளிக்கு ஐஸ் கொண்டுபோனபோது கரைவலை இழுத்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவன், "டேய், அண்ணி வாறா, எல்லாரும் தண்ணிக்குள்ள இறங்குங்கோ!" என்று கத்தினான். அன்று ஒரு பனை மரத்தில் மட்டும்தான் முட்டினேன். அதுவும் திரும்பும்போது.

இனி உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். நீ டோஹாவுக்குப் போன பிறகு நாட்டில் எண்ணெய் இல்லாமல் போன அந்த வருடம், எல்லாரையும் போல நாங்களும் வரிசையில் நின்றோம். பெற்றோலுக்கு ஒரு வரிசை, டீசலுக்கு ஒரு வரிசை. இரண்டும் ஒரே நீளம். நாட்கணக்காக அங்கேதான் சீவியம். நான் வீட்டுக்குப் போய்ச் சோறு கட்டிக்கொண்டு வருவேன். அவர் வாகனத்தை விட்டு இறங்க மாட்டார். வரிசை நகர்ந்தால் இயந்திரத்தைப் போடுவதில்லை, இருக்கிற சொட்டு எண்ணெயை ஏன் எரிப்பான் என்று பக்கத்தில் நிற்பவர்கள் சேர்ந்து தள்ளுவார்கள். அந்த அமைதிக்குள், ஒரு நாள் பின்னேரம், நான் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்துகொண்டிருந்தபோது, அவர் கதைக்கத் தொடங்கினார். முன்னால் நிற்கிற லொறிக்காரன் தன் மனைவியிடம் தொலைபேசியில் கெஞ்சுவதை நடித்துக் காட்டினார். நான் சோற்றைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தேன். அடுத்த நாளும் கதைத்தார். அதற்கு அடுத்த நாளும். அந்த வெள்ளத்தைப் பற்றி முதல் தரமாக வாய் திறந்தார். மேட்டில் தனியே நின்ற நேரம் முழுக்க, வாகனத்தைப் பற்றி நினைக்கவில்லையாம். பரீதாவுக்கு ஒன்று நடந்தால் நசீரின் முகத்தில் எப்படி முழிப்பது என்றுதான் நினைத்தாராம். உன்னைப் பற்றியும் கதைத்தார். நீ விமான நிலையத்தில் திரும்பிப் பார்க்காமல் போனது, பார்த்தால் அழுதுவிடுவாய் என்பதால்தான் என்று எனக்கு விளங்கப்படுத்தினார். ஊர் முழுக்கச் சபித்துக்கொண்டு நின்ற அந்த வரிசையில், எங்களுடைய முறை வந்துவிடப் போகிறதே என்று நான் உள்ளுக்குள் கவலைப்பட்டேன். இதை வெளியே சொன்னால் அடிக்க வருவார்கள்.

அங்கேதான் சொன்னார். "அவன் வந்து வாகனம் எடுத்தால் பெற்றோல் எடுக்கச் சொல்லும். மனிசியோட கதைச்சுக்கொண்டு போகலாம்." அடுத்த வருடம் அவர் போய்விட்டார். நீ வந்து கொள்ளி வைத்துவிட்டுத் திரும்பினாய். வெள்ளை டீசலையும் நான் கொடுத்துவிட்டேன். ஆகவே அப்பாவின் வாக்கு உனக்குக் கிடைத்துவிட்டது. அதை உன்னிடமிருந்து மறைப்பது சரியில்லை. ஆனால் அதோடு இந்தக் கடிதத்தை முடிக்க எனக்கு மனமில்லை. செத்தவர்கள் சொன்னதற்காக வாகனம் வாங்கினாலும், அதை ஓடப்போகிறவன் நீ.

அதனால் நேற்று நானும் உனக்குப் பேசியிருக்கிற தர்ஷினியும் நகரத்தில் அனுராதபுரச் சந்திப் பக்கம் நீ சொன்ன வாகன விற்பனைக்காரரிடம் போனோம். படிப்பிக்கிற பள்ளிக்கூடம் விட்டதும் அவள் நேரே வந்தாள். விற்பனைக்காரர் எல்லாவற்றையும் அவளைப் பார்த்தே சொல்லிக்கொண்டிருந்தார். நான் திறப்பைக் கேட்டதும், "அம்மா, நீங்களோ ஓடப்போறீங்கள்?" என்றார். தர்ஷினி, "அவதான் ஓடுவா. நீங்கள் பின்னால இருங்கோ" என்றாள். பெற்றோலை முதலில் ஓடினேன். நல்ல வாகனம், கை வைத்த பக்கம் போகிறது. பிறகு டீசல். அதை நிலாவெளி வரைக்கும் கொண்டுபோனேன். தம்பி, காலம் மாறிவிட்டது. அது இருமவில்லை. நடுங்கவில்லை. புகையை வடிகட்ட உள்ளே ஒரு பெட்டி இருக்கிறதாம். கிட்டடிக்குள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தால் அது அடைத்துக்கொள்ளுமாம், இடைக்கிடை தூர ஓட்டம் ஓடிச் சூடாக்க வேண்டுமாம். அழுக்கு எண்ணெய் போனால் செலவு வைக்குமாம். ஆக, பழைய டீசலின் பொறுமை இதற்கு இல்லை, பழைய டீசலின் சத்தமும் இல்லை. அப்பா சொன்ன காரணம் இன்றைக்குச் செல்லாது என்று எனக்கு விளங்கியது. கொஞ்சம் கவலையாகவும் இருந்தது, அவருக்கு இதை ஓடிக் காட்ட முடியாமல் போய்விட்டதே என்று.

நிலாவெளியில் வாகனத்தை நிறுத்திவிட்டு இறங்கிக் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றோம். விற்பனைக்காரர் தள்ளிப்போய்த் தொலைபேசியில் கதைத்துக்கொண்டிருந்தார். அப்போது தர்ஷினி, "மாமி, ஒண்டு கேக்கட்டே?" என்றாள். கேள் என்றேன். "அவர் உண்மையா இஞ்ச வந்து இருக்கப்போறாரோ, இல்லாட்டிக் கலியாணம் முடிஞ்சு கொஞ்ச நாள் பாத்திட்டுத் திரும்பப் போயிடுவாரோ?"

"அவனிட்டக் கேக்கேல்லையோ பிள்ளை?"

"கேட்டனான் மாமி. கேட்டால் வாகனத்தைப் பற்றிக் கதைக்கிறார்."

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. ஏனென்றால் என்னிடமும் நீ அதையேதான் செய்கிறாய். தை மாதம் கேட்டபோது நகரத்து ஹோட்டல்களுக்கு மீன் கொடுப்பேன் என்றாய். போன மாதம் தம்புள்ளை, கண்டி வரைக்கும் கொண்டுபோவேன் என்றாய். போன ஞாயிறு அதைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் டீசலா பெற்றோலா என்றாய். தம்பி, டீசல் வாங்கும்போது விலை கூட. பாரம் ஏற்றி, தூரம் ஓடி, வருடம் வருடமாக ஓடித்தான் அது தன் விலையைத் தானே மீட்கும். இங்கேயே வேர் பிடிக்கப் போகிறவன் எடுக்கிற வாகனம் அது. பெற்றோல் குறைந்த விலை, கிட்டடி ஓட்டத்துக்கு நல்லது, நாளைக்கு மனம் மாறினால் விற்றுவிட்டு விமானம் ஏறவும் சுகம். நீ வாகனத்தைக் கேட்கவில்லை என்று நிலாவெளியில்தான் எனக்கு விளங்கியது. இருக்கிறதோ போகிறதோ என்ற யோசனையை என்னிடம் வாகனமாகக் கொண்டுவந்து காட்டியிருக்கிறாய்.

திரும்பிப் போவதென்று நீ முடிவு செய்தாலும் எனக்குக் கோபமில்லை. அந்தச் சூட்டுக்குள் இத்தனை வருடம் உழைத்தவனுக்கு, ஊரில் ஐஸும் மீனும் நட்டப்பட்டால் என்ன செய்வது என்ற பயம் வரத்தான் செய்யும். அப்பாவுக்கும் வந்தது. அதை அவர் தெருவில் போகும்போது என்னிடம் சொன்னார், நான் கேட்டேன், இரண்டு பேருமாகப் பயந்தோம். தனியே பயப்படுவதைவிட அது எவ்வளவோ மேல். நீ தனியே பயப்படாதே. உன் பக்கத்தில் இருக்கப் போகிறவளிடம் சொல்லிப் பயப்படு. அவள் கெட்டிக்காரி, வாய் கொஞ்சம் நீளம்தான், ஆனால் கேட்கத் தெரிந்தவள்.

இருப்பதென்றால் டீசலை எடு. போவதென்றால் பெற்றோலை எடு. இரண்டில் எது என்றாலும் இந்தக் கடிதம் கையில் கிடைத்த அன்றைக்கே முதலில் தர்ஷினிக்குத் தொலைபேசி எடுத்துப் பதில் சொல். பிறகு எனக்குச் சொல். விற்பனைக்காரர் பொறுத்திருப்பார்.

அம்மா